பந்தி முடிந்த பிறகே வந்த செய்தி: சித்தகங்கா சிவகுமார சுவாமிகள்

2019 ஜனவரி 21, திங்கட்கிழமை. காலை 11.44 மணிக்கு, கர்நாடக மாநிலம் துமகூரு அருகே உள்ள சித்தகங்கா மடத்தில் சிவகுமார சுவாமிகளின் மூச்சு நின்றது. அவருக்கு வயது 111.

அன்று செய்தி உடனே வெளியே வரவில்லை. முதலமைச்சர் வந்துவிட்டார், முன்னாள் முதலமைச்சர்கள் வந்துவிட்டார்கள், வாசலில் டி.வி. வேன்கள் வரிசையாக நின்றன. ஆனாலும் அறிவிப்பு இல்லை. மடத்துப் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு முடியவில்லை என்பதுதான் காரணம். தன் மறைவுச் செய்தி பந்தியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் காதில் விழக்கூடாது, அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகே சொல்ல வேண்டும் என்று சுவாமிகள் முன்பே சொல்லி வைத்திருந்தாராம். அப்படியே செய்தார்கள். பிற்பகலில்தான் அதிகாரபூர்வமான அறிவிப்பு வந்தது.

அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தது பத்து இருபது பிள்ளைகள் அல்ல. ஏறத்தாழ பத்தாயிரம் பேர். ஐந்து வயதுச் சிறுவனிலிருந்து பதினாறு வயதுப் பையன் வரை. செய்தி தெரிந்திருந்தால் ஒருவர்கூடத் தட்டில் கை வைத்திருக்கமாட்டார்கள். அத்தனை பேரும் அன்று பட்டினி கிடந்திருப்பார்கள். அது அவருக்குத் தெரிந்திருந்தது. படுக்கையில் கிடந்த 111 வயதுப் பெரியவருக்குத் தன் மரணத்தைவிட மதியப் பந்திதான் பெரிய விஷயமாக இருந்தது.

பெங்களூரிலிருந்து வடமேற்கே சுமார் 70 கிலோமீட்டர் போனால் துமகூரு. அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது கியாத்சந்திரா. அங்கே பாறைகள் அடுக்கினாற்போல் ஒரு குன்று. குன்றின் மேல் ஒரு சுனை. அந்தச் சுனைதான் சித்தகங்கா. அதன் பெயரே மடத்துக்கும் வந்தது. 15-ஆம் நூற்றாண்டில் கோசல சித்தேசுவரர் என்பவர் தோற்றுவித்த மடம் என்பது மரபு. நெடுங்காலம் அது சாதாரணமான ஒரு மடமாகத்தான் இருந்தது. கொஞ்சம் நிலம், கொஞ்சம் மாணவர்கள், ஓயாமல் எரியும் ஓர் அடுப்பு.

அந்த மடத்துக்கு ஒரு சாதாரண மாணவனாக வந்து தங்கியவர்தான் சிவண்ணா. மாகடி வட்டத்தில் உள்ள வீராபுரம் அவர் பிறந்த ஊர். தந்தை ஹொன்னே கவுடா, தாய் கங்கம்மா. வீட்டில் பதின்மூன்று பிள்ளைகள்; சிவண்ணா கடைக்குட்டி. 1907 ஏப்ரல் 1 அன்று பிறந்தவர். ஆரம்பப் படிப்பு நாகவல்லி கிராமத்தில். 1926-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். அந்தக் காலத்தில் கொஞ்ச நாள் சித்தகங்கா மடத்தில் தங்கிப் படித்திருக்கிறார். மடத்துச் சோறு சாப்பிட்டுப் படித்த பையன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அவர் செய்ததெல்லாம் அந்தத் தட்டிலிருந்து தொடங்கியதுதான்.

1927-ல் பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் சேர்ந்தார். இயற்பியலும் கணிதமும் விருப்பப் பாடங்கள். கன்னடம், சம்ஸ்கிருதம், ஆங்கிலம் மூன்றிலும் நல்ல தேர்ச்சி. அந்த நாளில் பி.ஏ. முடித்த கிராமத்துப் பையனுக்கு மைசூர் சமஸ்தானத்தில் கௌரவமான உத்தியோகம் நிச்சயம். வீட்டிலும் அப்படித்தான் எதிர்பார்த்திருப்பார்கள்.

நடந்தது வேறு. சித்தகங்கா மடத்தின் அடுத்த பீடாதிபதியாக வரவேண்டியவர் மருளாராத்யர். அவர் சிவண்ணாவின் நெருங்கிய நண்பர். 1930 ஜனவரியில் அவர் திடீரென மறைந்தார். நண்பனுக்கு அஞ்சலி செலுத்த மடத்துக்கு வந்த சிவண்ணாவின் மேல் அப்போதைய மடாதிபதி உத்தான சிவயோகிகளின் பார்வை விழுந்தது. அடுத்த வாரிசு இவர்தான் என்று அவர் முடிவு செய்தார். அதே ஆண்டு மார்ச் 3 அன்று சிவண்ணா துறவு ஏற்றார். பெயர் சிவகுமார சுவாமி ஆயிற்று. கல்லூரிப் பட்டம் வாங்காமலே போயிற்று. (1965-ல் கர்நாடகப் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது என்பது வேறு கதை.)

வீட்டிலிருந்து துறவுக்குப் போனவர்கள் கதை நிறையக் கேட்டிருக்கிறோம். ஞானம் தேடிப் போனவர்கள், வெறுத்துப் போனவர்கள் என்று பல வகை. சிவண்ணாவின் கதையில் அந்த நாடகம் எதுவும் இல்லை. நண்பன் போய்விட்டான், அவன் இடம் காலியாக இருக்கிறது, அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள். போய் நின்றார். அவ்வளவுதான். அதன் பிறகு எண்பத்தெட்டு வருடங்கள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

1941 ஜனவரியில் குரு மறைய, முழுப் பொறுப்பும் இவர் தோளில் வந்தது. அந்தக் காலத்தில் மடத்து நிலத்தில் விளைவது மடத்துப் பிள்ளைகளுக்கே போதாது. மழை தப்பினால் நிலைமை இன்னும் மோசம். காவி கட்டிய இளைஞர் ஊர் ஊராகப் போனார். வீட்டு வாசலில் நின்று தானியம் கேட்டார். கிடைத்த கேழ்வரகையும் அரிசியையும் மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். 'பிட்சை' என்ற சொல்லுக்கு அவர் வெட்கப்பட்டதே இல்லை. மடாதிபதி என்றால் பல்லக்கும் பாதபூஜையும் என்று இருந்த காலத்தில் இது புதுசு. துமகூரு சீமையின் விவசாயிகள் அறுவடையானதும் மடத்துக்கென்று ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்கும் பழக்கம் இப்படி வேரூன்றியதுதான்.

இங்கே 'தாசோகம்' என்ற சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மடத்தில் அன்னதானம் என்று சொல்லமாட்டார்கள். அன்ன தாசோகம் என்பார்கள். 12-ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில் வாழ்ந்த பசவண்ணர் வழிவந்த வீரசைவ, லிங்காயத மரபின் உயிரான சொல் இது. 'தாசோகம்' என்றால் 'நான் அடியவன்' என்று பொருள். தானம் என்று சொன்னால் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்று ஆகிவிடுகிறது. தாசோகத்தில் அது தலைகீழ். பந்தியில் உட்கார்ந்திருப்பவர் எஜமானர். கரண்டி பிடித்திருப்பவர் வேலைக்காரர். சொல்லில்தானே வித்தியாசம் என்று தோன்றலாம். ஆனால் ஓர் ஏழைக் குழந்தை வருடக்கணக்கில் ஓசிச் சோறு சாப்பிட்டு வளரும்போது, அந்தச் சோறு எந்தச் சொல்லால் பரிமாறப்படுகிறது என்பது அதன் முதுகெலும்பை நிமிர்த்தும், அல்லது வளைக்கும்.

சுவாமிகளுக்கு 'திரிவித தாசோகி' என்று ஒரு பட்டம் உண்டு. சோறு, எழுத்து, தங்க இடம் ஆகிய மூன்றையும் கொடுப்பவர் என்று பொருள். கன்னடத்தில் அன்னம், அட்சரம், ஆசிரயம் என்று அழகாக மூன்று 'அ'க்களில் சொல்வார்கள்.

வீரசைவம் தமிழர்களுக்கு அந்நியமானது அல்ல. 'பிரபுலிங்க லீலை' பாடிய சிவப்பிரகாசர் அந்த மரபில் வந்தவர். மயிலம் பொம்மபுர ஆதீனமும் பேரூர் சாந்தலிங்கர் மடமும் அந்த வழியின. ஆனால் சித்தகங்காவைப் பார்க்கும் தமிழருக்கு முதலில் நினைவு வருவது வடலூராகத்தான் இருக்கும். 1867-ல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. சித்தகங்கா மடத்து அடுப்பும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அணையவில்லை என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். இன்னொரு பொருத்தமும் உண்டு. சுவாமிகள் மறைந்த 2019 ஜனவரி 21 தைப்பூசத் திருநாள். வடலூரில் ஜோதி தரிசனத்துக்குக் கூட்டம் அலைமோதிய அதே நாள்.

மடத்துப் பிள்ளைகள் யார்? பெரும்பாலும் வட கர்நாடகத்திலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வரும் ஏழை விவசாயிகள், கூலித் தொழிலாளிகளின் மக்கள். ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறக்கும் பருவத்தில் தகர டிரங்குப் பெட்டியோடு அப்பனும் மகனும் வந்து நிற்பார்கள். சாதி, மதம் எதுவும் தடையில்லை. இஸ்லாமியக் குடும்பத்துப் பிள்ளைகளும் இங்கே தங்கிப் படித்திருக்கிறார்கள், சம்ஸ்கிருதம் கற்றிருக்கிறார்கள். சோற்றுக்கும் படிப்புக்கும் தங்குவதற்கும் காசு கிடையாது.

மடத்தின் கல்விச் சங்கம் நர்சரிப் பள்ளியிலிருந்து பொறியியல் கல்லூரி வரை சுமார் 130 கல்வி நிறுவனங்களை நடத்துகிறது. அவற்றில் தொழிற்பயிற்சிக் கூடங்களும் உண்டு. சென்ட்ரல் காலேஜில் பாதியில் விட்ட படிப்பை இப்படித் திருப்பிக் கொடுத்தார் போலும்! சிவராத்திரியை ஒட்டி நடக்கும் மடத்துத் திருவிழாவில் மாட்டுச் சந்தையும் விவசாயக் கண்காட்சியும் சேர்ந்தே நடக்கும். சாமி கும்பிட வந்த விவசாயி புது விதையையும் கருவியையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்ற ஏற்பாடு.

பெரியவரின் அன்றாடம் கடிகாரம் போல நடந்தது. அதிகாலை இரண்டு மணிவாக்கில் எழுந்துவிடுவார். குளியல், தியானம், உள்ளங்கையில் இஷ்டலிங்கம் வைத்து நீண்ட பூஜை. ஆகாரம் மிகக் கொஞ்சம். ஒரு இட்லி, கொஞ்சம் பருப்பு, பழத்துண்டு, வேம்புக் கஷாயம் என்று போகும் பட்டியல். அதன் பிறகு பக்தர்கள், மடத்துக் கணக்கு, கடிதங்கள், பிள்ளைகள். நூறு வயதைத் தாண்டிய பிறகும் படிப்பதற்கு உட்கார்ந்துவிடுவார். மாலையில் திறந்தவெளியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வெள்ளை உடையில் வரிசையாக அமர்ந்து ஒரே குரலில் பிரார்த்தனை செய்வார்கள். அந்தக் காட்சியைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவதுண்டு.

கர்நாடக மக்கள் அவரை 'நடெதாடுவ தேவரு' என்று அழைத்தார்கள். நடமாடும் தெய்வம்! தமிழ்நாட்டில் காஞ்சிப் பெரியவரை அழைத்த அதே சொல். இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

தலைவர்கள் வராத நாள் இல்லை. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் முதல் கும்பிடு சித்தகங்காவில்தான். குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் துமகூருவுக்கே வந்து அவரைச் சந்தித்து, கல்விப் பணியைப் பாராட்டினார். 2007-ல் கர்நாடக ரத்னா, 2015-ல் பத்ம பூஷண். ஓட்டுக் கணக்கு மனதில் வைத்து வந்தவர்களும் அந்த வரிசையில் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்த தலைவர் யாராக இருந்தாலும் பந்தி நேரம் மாறியதில்லை.

கடைசிச் சில வருடங்கள் உடம்பு அடிக்கடி படுத்தியது. பித்தநாளத்தில் அடைப்பு, தொற்று. 2018 டிசம்பரில் விமானத்தில் சென்னைக்கு அழைத்துவந்தார்கள். குரோம்பேட்டை ரேலா மருத்துவமனையில் டாக்டர் முகமது ரேலா தலைமையிலான குழு அறுவை சிகிச்சை செய்தது. 111 வயது உடம்பில் கத்தி வைப்பது லேசான காரியமா? ஆனாலும் தேறினார். அந்த இரண்டு வாரமும் கன்னட டி.வி.க்களின் கேமராக்கள் குரோம்பேட்டையிலேயே முகாமிட்டிருந்தன. வீரசைவ மடாதிபதிக்காக ஊரெல்லாம் பூஜை நடக்க, அவர் உயிரைக் காத்துக் கொடுத்தவர் தமிழகத்தின் ஒரு கிராமத்திலிருந்து வந்த இஸ்லாமிய மருத்துவர்.

ஊர் திரும்பிய பிறகு மறுபடியும் தொற்று. துமகூரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பெரியவருக்கோ மனசெல்லாம் மடத்தில். கடைசியில் ஜனவரி நடுவில், அவர் விருப்பப்படியே மடத்துக்குக் கொண்டுபோய், அங்கேயே சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். அடுத்த சில நாட்களில் எல்லாம் முடிந்தது.

கர்நாடக அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. மறுநாள் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை. இரவெல்லாம் மலையடிவாரத்தில் ஜனவெள்ளம். ஜனவரிக் குளிரில் கைக்குழந்தைகளோடு மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். லட்சக்கணக்கில் வந்த அத்தனை பேருக்கும் சாப்பாடு போட்டார்கள். ஒரு துக்க வீட்டில் இப்படியொரு பந்தி நடந்தது வேறெங்காவது உண்டா என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

22-ஆம் தேதி மாலை, குருவின் சமாதிக்கு அருகில் நல்லடக்கம். வீரசைவ மரபில் உடலை எரிப்பதில்லை. அமர்ந்த நிலையில் இருத்தி, இஷ்டலிங்கத்தைக் கையில் வைத்து, ஆயிரக்கணக்கான விபூதிக் கட்டிகளால் நிரப்பி மூடுவார்கள். இறந்தார் என்று சொல்லாமல் 'லிங்கைக்கியம்' ஆனார் என்பார்கள். லிங்கத்தோடு ஒன்றாகிவிட்டார் என்று அர்த்தம்.

அதற்கு மூன்றே நாட்களில், ஜனவரி 25 அன்று, பாரத ரத்னா விருதுகள் அறிவிக்கப்பட்டன. பிரணாப் முகர்ஜி, நானாஜி தேஷ்முக், பூபேன் ஹசாரிகா. கர்நாடகமே எதிர்பார்த்திருந்த பெயர் அதில் இல்லை. அங்கே எல்லாக் கட்சிகளிலும் மனத்தாங்கல். ஆளாளுக்குப் பேட்டி கொடுத்தார்கள். மடத்துப் பிள்ளைகளுக்கு அன்றும் மணி அடித்தது, ராகிக் களியும் சாதமும் சாம்பாரும் வந்தன.

உண்மையான கேள்வி விருது அல்ல. இப்படி ஒருவரை நம்பி எழுந்த இடம், அவர் போன பிறகு என்ன ஆகும்? தமிழ்நாட்டிலும் பார்த்திருக்கிறோம். பெரியவர் இருக்கும்வரை ஜேஜே என்று இருக்கும் இடம், அவர் கண் மூடியதும் வழக்கும் வாய்தாவுமாக மாறிவிடும். தானியம் கொடுத்த விவசாயி மடத்துக்கா கொடுத்தான், அந்த மனிதருக்கா கொடுத்தான்? தினமும் பத்தாயிரம் பேருக்கு மூன்று வேளைச் சோறு என்பது ஒரு வாரம் தடுமாறினாலும் தாங்காது.

சுவாமிகள் இதை யோசிக்காமல் இல்லை. வாரிசாக சித்தலிங்க சுவாமிகளை 1980-களின் இறுதியிலேயே தேர்ந்தெடுத்துவிட்டார். முப்பது வருடம் பக்கத்தில் வைத்துப் பழக்கினார். கணக்கு வழக்கு, நிர்வாகம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் தன் கண் முன்னாலேயே கைமாறும்படி செய்தார். 22 வயதில், ஒரு மரணத்தின் அதிர்ச்சியில், ஒரே நாளில் வாரிசாக்கப்பட்டவர் அல்லவா! அந்தத் திடீர்ப் பாரம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். அதைத் தன் சிஷ்யருக்கு வைக்கவில்லை. 2019 ஜனவரி 23 காலையில் பிரார்த்தனை வழக்கம்போல் நடந்தது, உலை கொதித்தது.

அதன் பிறகு நினைவுச் சின்னங்கள் வந்தன. 2020 ஜனவரி 2 அன்று பிரதமர் மோடி துமகூருவுக்கு வந்து அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் திறந்து வைத்தார். பிறந்த ஊரான வீராபுரத்தில் 111 அடி உயரச் சிலை வைக்கத் திட்டம் அறிவித்தார்கள். சிலை வரட்டும், வேண்டாம் என்பவர் யாருமில்லை. ஆனால் அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பணத்துக்கு எத்தனை மூட்டை கேழ்வரகு வரும் என்று கணக்குப் போட்டிருக்கக்கூடும். இவற்றைவிடப் பொருத்தமாக அமைந்தது 2021-ல் கர்நாடக அரசு செய்த அறிவிப்பு. சுவாமிகள் மறைந்த ஜனவரி 21 இனி ஆண்டுதோறும் 'தாசோக தினம்' என்றார்கள். நினைவு நாளுக்குப் பெயர் வைக்கும்போது அவர் பெயரைக்கூட முன்னால் வைக்காமல், அவர் செய்த வேலையை வைத்தார்கள்.

பெங்களூரிலிருந்து புனே நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் துமகூருவுக்குச் சற்று முன்னால் இடது, வலது பார்த்துக்கொண்டே போனால் கியாத்சந்திரா கைகாட்டி தெரியும். ரயிலில் போனாலும் அதே பெயரில் நிலையம் உண்டு. மலையேறிச் சுனையைப் பார்க்கலாம். சமாதியில் கொஞ்ச நேரம் உட்காரலாம். மதிய வேளையில் போனால் பந்தியிலும் உட்காரலாம். யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்கமாட்டார்கள். தட்டு வரும், களி வரும். வேண்டியதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். வீணாக்கக்கூடாது என்பது மட்டும்தான் கட்டளை.